மூன்று கத்தி, மூன்று முயல்

ஜனவரி 16, வெள்ளி. தம்மாம்.

எனக்குப் பேசி முடித்திருக்கும் நபீல் இன்று எங்கள் குடும்பத்தைப் பாலைவனத்துக்குப் பிக்னிக் கூட்டிப் போனார். வேட்டைச் சாமான் கடை வைத்திருப்பவர். புதிதாக வந்த மூன்று கத்திகளைச் சோதித்துப் பார்க்க, சந்தையில் மூன்று முயல்கள் வாங்கி வந்திருந்தார்.

கனத்த முதுகுள்ள கத்தி ஒரே இழுப்பில் அறுத்தது. தோலுரிப்பதற்கான வளைந்த மெல்லிய கத்தியும் அப்படித்தான். மூன்றாவது மலிவுச் சரக்கு, கூரே இல்லை. முயல் வீறிட்டது.

"நல்ல கத்தியை எடுங்களேன். மழுங்கின கத்தியால அறுக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்றேன்.

"பாதியில மாத்தினா வித்தியாசம் எப்படித் தெரியும்?" என்று சிரித்தார். கையை நிறுத்தவில்லை. வாப்பாவும் கூடச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நிக்காஹ் வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னேன். மிச்சக் கறியை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டிருந்த உம்மா திரும்பவே இல்லை.

"பழகிடும்மா. எனக்குத்தான் ரொம்ப வருஷம் ஆச்சு" என்றார், ஹாலில் இருந்த வாப்பாவுக்குக் கேட்காத குரலில்.