நான் வாசிக்காமல் விட்ட ஏழு வரி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
25-8-36

அன்புள்ள மகள் கிருபாபாய்க்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவுக்கு முட்டுவலி மட்டும் மழைக்கு முந்தியே வந்துவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் சுகமா என்று வழக்கம்போல் கேட்க இந்தத் தடவை எனக்குக் கை வரவில்லை, நீ சுகமாயில்லை என்று தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரைக்கும் படி.

இரண்டு வாரத்துக்கு முன்னே எதிர்வீட்டு வெள்ளத்தாய் ஒரு கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை கிடையாது, வழக்கமாக வாசித்துச் சொல்கிற பால்துரை வாத்தியார் லீவில் ஊருக்குப் போய்விட்டாராம், செத்த வாசிச்சுச் சொல்லுங்கம்மா என்றாள். பிரித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, உன் கையெழுத்து. இது எத்தனையாவது என்று கேட்டேன். ஆறாவது என்றாள், ஒளிக்காமல். நீ அங்கே போன பிறகு எனக்கு வந்தது மூன்றுதான். நீ பிறந்து எனக்கு ஜன்னி கண்டு கிடந்த நாற்பது நாளும் அவள்தான் தன் மகன் சோணைமுத்துவோடு உனக்கும் பால் கொடுத்தாள், அதை நான் மறக்கவில்லை, மறக்க நீ விட்டால்தானே. என்னை அம்மா என்பாய், அவளை ஆத்தா என்பாய். விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டால் நம் வாசலில் நிற்கிற என்னைத் தாண்டி அவளிடம்தான் ஓடுவாய். பத்து மாதம் சுமந்தவளுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று இப்போது வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யோசித்துப் பார்.

வாசித்தேன். முதல் பக்கம் முழுக்கக் குளிரும் அட்டைக்கடியும். மறுபக்கத்தில்தான், விளக்கு வைத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிரசவத்தில் செத்துப்போவேனோ என்று பயமாயிருக்கிறது, அவரிடம் சொல்ல வெட்கம், அம்மாவுக்கு எழுதினால் விசுவாசம் போதவில்லை, ஜெபம் பண்ணு என்று எழுதுவாள், நீ வந்து ஒரு மாதம் என் பக்கத்தில் இரு ஆத்தா என்று எழுதியிருந்தாய். அந்த ஏழு வரியை நான் வாசிக்கவில்லை. சுகமாயிருக்கிறேன், எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று என் வாய்க்கு வந்ததைப் போட்டு முடித்துவிட்டேன். பொறாமைதான், அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன். அவள் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்புட்டுதானா என்றாள். பொறவு, இந்தப் பக்கம் மை கலங்கிக் கெடக்கே, புள்ள அழுதுக்கிட்டே எழுதியிருக்காளோ என்றாள். மழைத்தண்ணீர் பட்டிருக்கும் என்றேன். அவள் கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டில் அவள் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டாலே வயிறு எரியும், உடனே உன் நினைப்பு வந்துவிடும், இரண்டும் மாறி மாறி. உலை வைக்கும்போது கோயிலுக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைப்பேனே, அந்தக் கலயத்தில் போடக்கூடக் கூசியது. பெற்ற பிள்ளை பயந்து கிடக்கிறாள் என்று தெரிந்தும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் கிருபா. வாத்தியார் லீவு முடிந்து வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் நாள் நானே அவள் வீட்டுக்குப் போய், அன்றைக்குக் கண்ணாடி போடாததால் கொஞ்சம் விட்டுப்போயிற்று என்று பொய் சொல்லி அந்த ஏழு வரியையும் வாசித்தேன். ஜெபம் பண்ணு என்று எழுதுவாள் என்ற இடத்தையும் விடவில்லை. கடலை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை உதறிக்கொண்டு எழுந்து, எந்த ரயிலுக்குப் போகணும் என்றாள். ரயிலோடு முடியாது, கடலைத் தாண்ட வேண்டும் என்றேன். தாண்டுவோம் என்றாள். நீங்களும் வாங்கம்மா என்று என்னையும் கூப்பிட்டாள். நான் வரவில்லை. நீ கூப்பிட்டது அவளை.

உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்க்கிற மகாராஜபுரம் சீனிச்சாமி லீவு முடிந்து வியாழக்கிழமை புறப்படுகிறார், அவரோடு அனுப்புகிறேன். கப்பல் ஏறுவதற்கு முன்னே மண்டபம் முகாமில் ஊசி போட்டுச் சில நாள் நிறுத்தி வைப்பார்களாம், அதனால் வரத் தாமதமானால் பதறாதே. சுக்கும் கருப்பட்டியும் அவள் மூட்டையில் இருக்கிறது, பிள்ளைக்கு நான் தைத்த நான்கு சட்டையும் இருக்கிறது, அவள் தைத்ததாக நினைத்துவிடாதே. சாயங்காலம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் மாப்பிள்ளையோடு கொஞ்சம் நட. பயமாயிருந்தால் பயமாயிருக்கிறது என்று அவரிடம் சொல், அதில் வெட்கம் எதற்கு. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இதே படபடப்புத்தான். கிணற்றடியில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவேன். என் அம்மாவிடம் ஒரு நாள் சொன்னேன், ஜெபம் பண்ணு என்றாள். எனக்கும் அதைத்தான் சொல்லத் தெரிந்தது.

ஏட்டி கிருபா, அவள் அங்கே இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டியதில்லை அல்லவா, அதனால் அந்தக் கடிதமெல்லாம் எனக்கு எழுது. குளிரையும் அட்டையையும் எழுதாதே, மறுபக்கத்தில் எழுதியதை எழுது. விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பதில் எழுத மாட்டேன்.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. மாப்பிள்ளை எலியேசருக்கு எங்கள் இருவர் ஆசீர்வாதமும் சொல். இந்தக் கடிதத்தை வெள்ளத்தாய் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். அம்மா என்ன எழுதியிருக்காக என்று உன்னிடம் கேட்பாள். ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ஞானரத்தினம்