பறக்கும் காகித வண்டியும் உன் வாப்பாவின் சத்தியமும்

பினாங்கு, சூலியா ஸ்திரீட்
27 ஆகஸ்டு 1934

ரங்கூனில் இருக்கும் என் கண்ணான மகன் முகம்மது சுல்தானுக்கு உன் உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் நானும் உன் தங்கை சுலைஹாவும் சுகம், உன் வாப்பாவும் சுகம்தான், அவருடைய வலது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது எப்படிப் பெயர்ந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய காகிதம் எடுத்திருக்கிறேன். நீ மழையில் நனைந்துகொண்டே டிராம் பட்டறைக்குப் போவதாக எழுதியிருந்தாய், குடை வாங்கிக்கொள், உன் தலைக்கு நனைவது ஆகாது என்று உனக்கே தெரியும்.

இனி ரகசியம். வண்டிச் சக்கரம் பழுது பார்க்கிறவன் மகன் பட்டம் விடுகிற பையன் மாதிரி வேலையை விட்டுப் படம் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று இரண்டு வருஷத்துக்கு முன் உன் வாப்பா சத்தம் போட்டதும், நீ அந்தப் பட நோட்டை அவர் காலடியில் வீசிவிட்டுக் கப்பலேறியதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த நோட்டு எங்கே போனது தெரியுமா, அவருடைய தலையணைக்கு அடியில். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார், இந்த வீட்டில் தலையணை உறை மாற்றுகிறது யார் என்று அவருக்கு யோசனை போகவில்லை. பாடாங் திடலில் கடற்காற்றுக்குப் பறக்கிற காகிதங்களை வாரி, கிழித்து, நனைத்து, அடுப்பெரிக்கும் கட்டியாக அமுக்குகிற வண்டி ஒன்று அதில் நீ வரைந்திருந்தாயே, அதை ஆறு மாதமாகப் பட்டறையில் கட்டியிருக்கிறார். கேட்டால் ரிக்‌ஷா என்றார். ரிக்‌ஷாவுக்கு எதுக்குங்க மீன்வலை என்று கேட்டேன். அப்போதுதான் உண்மையை ஒப்புக்கொண்டு சத்தியம் செய்தார், முனிசிபல் துரை இதைப் பார்த்து நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால் நானே என் கைப்பட மகனுக்கு எழுதி வரச்சொல்வேன், சொல்லாவிட்டால் எந்த முகத்தோடு எழுதுவது என்றார். அன்றிலிருந்து ஐந்து வேளையும் நான் குப்பை வண்டிக்காகத்தான் துஆ கேட்டேன், இப்படி ஒரு துஆவை வேறு எந்த உம்மாவும் கேட்டிருக்க மாட்டாள்.

போன புதன்கிழமை சோதனை. சீனர்களின் பேய் மாதம் அல்லவா, எரித்த காகிதப் பணத்தில் பாதி எரியாமல் ஊரெல்லாம் பறக்கிறது, காற்றும் நல்ல காற்று. துரை வந்தார், மொழிபெயர்க்க அவருடைய ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி லாரன்ஸ் வந்தார். நானும் சுலைஹாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரத்தடியில் நின்றோம். வண்டியைத் தள்ளியது நம் அய்யாக்கண்ணு, அந்தத் திடலில் ஆணிக்கம்போடு காகிதத்தைத் துரத்தித் துரத்தியே இடுப்பொடிந்த மனுஷன், இது மட்டும் ஓடிட்டா உங்க வண்டிக்கு நானே மாலை போடுறேண்ணே என்று சொல்லித் தள்ளினார். ஓடியது மகனே! சக்கரம் சுற்ற, சைக்கிள் சங்கிலி சுற்ற, வலையில் விழுந்த காகிதமெல்லாம் ஆணி உருளைக்குள் போய்த் துருவிய தேங்காயாக வந்தது, துரை தலையை ஆட்டிக்கொண்டே கூட நடந்தார், சுலைஹா என் கையைக் கிள்ளிக் கிள்ளிச் சிவக்க வைத்துவிட்டாள்.

அப்போது பறந்து வந்து வலையில் ஒட்டியது ஒரு காகிதம், அதில் அரபு எழுத்து. அவ்வளவுதான், குர்ஆன் ஏடு என்று நினைத்து உன் வாப்பா யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டு தான் கட்டிய வண்டிக்குக் குறுக்கே தானே விழுந்தார். முழங்கால் அங்கேதான் பெயர்ந்தது. உருளை கடிப்பதற்குள் அந்தக் காகிதத்தை உருவி, முத்தமிட்டு, கண்ணில் ஒற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். துரை திகைத்துப் போனார். விஷயத்தை லாரன்ஸ் சொல்லிக் கேட்டபின் தாடையைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் இவர் குறுக்கே விழுந்தால் வண்டி எப்படி ஓடும், ஆனாலும் யாருடைய வீட்டுப் பத்திரமோ கடிதமோ கூட இப்படிப் பறந்து வரலாம், உருளைக்கு முன்னால் காகிதம் தங்கி நிற்க, பார்த்துப் பொறுக்க ஒரு பெட்டி வேண்டும், அதற்குப் படம் வரைந்து செப்டம்பர் முடிவதற்குள் காட்டினால் அப்புறம் சொல்கிறேன் என்றாராம். நல்லது என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, கடலில் விடுவதற்காகப் பழைய ஓதல் ஏடுகளைச் சேர்த்து வைக்கும் பானையில் அதைப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் பினாங்கில் பிறந்தவள், அரபு எழுத்தில் எழுதும் மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசித்தேன். இன்றிரவு கூடாரத்தில் நாடகம், இடையிடையே நடனம், பெண்களுக்குப் பாதி டிக்கெட். இதைத்தான் இவர் திடல் பார்க்க முத்தமிட்டார்! நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் முகம் சிவந்து போய், இருந்தாலும் எழுத்து அந்த எழுத்துதானே என்று முழங்காலைத் தடவினார். அதற்குமேல் சிரிக்க மனம் வரவில்லை, இந்த மனுஷன் மேல் எனக்குப் பிரியம்தான் வந்தது. பானையில் போட்டுவிட்டேன்.

ஐந்து நாளாகப் பெட்டிக்குப் படம் வரைகிறார். நேற்று வரைந்ததைப் பார்த்து, குர்பானி ஆடா வாப்பா என்று சுலைஹா கேட்டுவிட்டாள். துரை நல்லது என்று சொல்லாததால் சத்தியம் நிறைவேறவில்லை, எழுத முடியாது என்று உட்கார்ந்திருக்கிறார். சத்தியம் செய்தது அவர், நான் ஒன்றும் செய்யவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அந்தப் பெட்டிப் படம் உன் கைக்குத்தான் வரும், கிடைக்கிற கப்பலில் ஏறி வா மகனே. நீ இல்லாத இந்த இரண்டு வருஷப் பெருநாளிலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தந்து பத்திரமாகக் கொண்டு வந்து சேர்ப்பானாக. நான் எழுதியதாக அவரிடம் மூச்சு விடாதே, கூர்மையான பென்சில்களை மறக்காதே.

துஆவுடன்,
உன் உம்மா காமாரியா

பிற்சேர்க்கை: உறையை ஒட்டும்போது உன் வாப்பா வந்துவிட்டார், யாருக்கு என்றார், தைப்பிங்கில் இருக்கும் மாமிக்கு என்றேன். உறையில் ரங்கூன் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு, மாமிய சீக்கிரம் கப்பலேறச் சொல்லு, செப்டம்பர் முடிய ரொம்ப நாள் இல்லலா என்று சொல்லிவிட்டு, தபால்தலையைத் தானே ஒட்டினார்.