என்ஜின் ஓடாமல் இறங்கிய ஜீப்

என் உயிரான மாதேசண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று உன்னிடம் கேட்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் வாய் அதைத்தான் கேட்க வருகிறது. நீ கண்ணை மூடிய பிறகு ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. வத்தல்மலையில் நம் காப்பிச் செடிகள் பழுத்துச் சிவந்து நிற்கின்றன. அண்ணி இருக்கிறார். உன் மகள் செல்விக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பெண்.

அவள் பிறந்த கதை ஊரார் வாயில் பல மாதிரி திரிந்துவிட்டது. நடந்ததை நீ என்னிடமே கேட்டுக்கொள்.

அதற்கு முன்னால், நீ கேட்ட ஒரு கேள்வி. சிறுநீரகம் கெட்டு, தர்மபுரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கட்டிலில் நீ படுத்திருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? உன் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். நீ அந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருப்பாய்.

“காவேரி, இதுக்குக் கரண்டு எங்கிருந்து வருது?”

“எங்கியாச்சும் நிலக்கரி எரிப்பாங்கண்ணா.”

“நிலக்கரி, டீசல் எல்லாம் ஒருநாளு தீந்துபூடும்னு சொல்றாங்களே. ஒரேயடியாவா தீரும்? கொஞ்சங் கொஞ்சமாத்தான குறையும். அப்ப மொதல்ல யாரோட ஒயரைப் புடுங்குவாங்க?”

வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் கரண்டு எடுக்கிறார்கள், அப்படியெல்லாம் ஆகாது என்று சமாதானம் சொன்னேன். நீ சிரித்தாய். “எடுப்பாங்க. எடுத்து நம்ம மலைக்கும் ஏத்துவாங்களா?” என்றாய்.

உனக்கு ஏன் அந்தப் பயம் என்று எனக்குத் தெரியும். மலைக்கு ரோடு இல்லாத காலத்தில் அம்மாவுக்குப் பிரசவ வலி வந்தது. மூங்கிலில் தூளி கட்டி அம்மாவை உட்காரவைத்து ஒற்றையடிப் பாதையில் இறக்கினீர்கள். முன்பக்கம் உன் தோள், பின்பக்கம் அப்பாவின் தோள். உன்னால் திரும்பிப் பார்க்க முடியாது. முனகல் நின்றுபோனது மட்டும்தான் உன் காதுக்குத் தெரிந்தது. பிள்ளையும் அம்மாவோடு போய்விட்டது. ரோடு வந்ததும் நீ முதல் வேலையாக ஒரு பழைய ஜீப் வாங்கினாய். டீசல் வாசனையைக் கற்பூர வாசனை மாதிரி உள்ளே இழுப்பாய். மலையில் எத்தனை பெண்களை நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தாய்!

இந்த மழையில் அந்த ரோடு சரிந்தது. அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு வளைவில் மண்ணும் பாறையும் இறங்கி வழியை மூடிவிட்டன. கம்பங்கள் சாய்ந்து கரண்டு போயிற்று. போனும் செத்தது. நாள் ஆக ஆக ஊரில் குடிதண்ணீர் தீர்ந்தது. பள்ளத்துக் கிணற்றிலிருந்து ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்குக் கரண்டு இல்லை. பழைய ஆயில் என்ஜின் ஒன்று இருந்தது, டீசல் இல்லை. டீசல் இருந்தது நம் ஜீப்பில் மட்டும்.

அண்ணி ஜீப்பிலிருந்த டீசலை எல்லாம் டியூப் போட்டு உறிஞ்சிக் கேனில் பிடித்துக் கொடுத்தார். “அவசரம்னா வண்டி வேணுமேங்க” என்று பெரியசாமி மாமா கேட்டார்.

“தண்ணி இன்னிக்கே வேணும். செல்விக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குதுங்க” என்றார் அண்ணி.

மறுநாள் விடிந்ததும் செல்விக்குப் பனிக்குடம் உடைந்தது. ரத்தமும் போக ஆரம்பித்தது.

அண்ணியின் முகம் அப்போது இருந்த இருப்பை உனக்கு எப்படி எழுதுவேன்? காலிக் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்வியின் புருஷன் பெருமாள், ஆம்புலன்சை மண் சரிவுக்குக் கீழே வரச்சொல்ல, மழையில் நனைந்துகொண்டே மலையிறங்கி ஓடினான். ஒரு வீட்டில் பேட்டரி ஸ்கூட்டர் இருந்தது. சார்ஜ் போட வழியில்லாமல் அதுவும் செத்துக் கிடந்தது. ஆளாளுக்குத் தூளி கட்டலாம் என்றார்கள்.

“தூளி வேணாம்” என்றார் அண்ணி. “எறக்கந்தானே. ஜீப்பைத் தள்ளி வுடுங்க, கியர்லயே புடிச்சிக்கிறேன். பின்னால கயிறு கட்டி இழுத்துப் புடிங்க.”

உன்னை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகத்தான் அவர் வண்டி ஓட்டப் பழகினார். ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். ஆனால் என்ஜின் ஓடாமல் யார் ஓட்டியிருக்கிறார்கள்?

பின்சீட்டில் செல்வியை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். ஆணும் பெண்ணுமாக ஊரே தாம்புக்கயிற்றைப் பிடித்தது. ஜீப் நகர்ந்தது. அண்ணா, அந்த அமைதி! உன் ஜீப் ஊருக்கே கேட்கும்படி உறுமும். அன்றைக்கு மேகத்துக்குள் சத்தமே இல்லாமல் இறங்கியது. டயரில் கல் நொறுங்குவதும், பின்னால் ஊரார் மூச்சு வாங்குவதும், செல்வியின் முனகலும் மட்டும் கேட்டன. பாதை சமமாகும் இடங்களில் கயிற்றை முன்னால் கட்டி இழுத்தார்கள். இறக்கத்தில் மறுபடி பின்னால். பெரியசாமி மாமாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து கயிற்றோடு போனது. அவர் விடவில்லை.

அம்மாவின் முனகல் நின்ற இடத்தை ரோடு குறுக்கே கடக்கிறது இல்லையா? அங்கே வந்தபோது செல்வியும் அடங்கிப்போனாள். நான் அவள் கன்னத்தில் அறைந்தேன். “அத்தை, அடிக்காதீங்க” என்று முனகினாள். அதைவிட இனிமையான பேச்சை நான் கேட்டதில்லை.

மேகம் கொஞ்சம் விலகியபோது கீழே தர்மபுரியும், அதியமான்கோட்டைப் பக்கம் பெரிய ரோடும் நூல் மாதிரி தெரிந்தன. அதில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்கு என்னவோ ஆயிற்று. அந்த நூலில் ஒன்றுமே ஊராமல் கிடப்பதைப் போல ஒரு கணம் பார்த்தேன். பெட்ரோல் பங்க்கெல்லாம் பூட்டி, பாலத்தின் மேல் ஆடு படுத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் பாதிக் கட்டில் இருட்டில். நன்றாக விளக்கு எரியும் ஊரும் எங்கோ இருக்கிறது, ஆனால் அங்கே போக எங்களுக்கு வண்டி இல்லை. டீசல் தீர்ந்துபோன அந்த நாளில் மனிதர்கள் கயிறு பிடிக்க வருவார்களா, கதவைச் சாத்திக்கொள்வார்களா? அன்று முதல் அந்தக் காட்சி என்னை விட்டுப் போகவில்லை. காப்பிப் பழம் பறிக்கும்போதும் கண்முன் வந்து நிற்கிறது.

மண் சரிவில் ஜீப் நின்றது. அங்கிருந்து தூளிதான், வேறு வழியில்லை. சேற்றில் முழங்கால் புதைய அவளைத் தூக்கிக் கடந்தார்கள். நான் பக்கத்திலேயே நடந்து, “பேசிக்கினே இரு கண்ணு, நிறுத்தாத” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். என்னைத் திட்டியாவது பேசிக்கொண்டே வந்தாள். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. ஓடிக்கொண்டிருந்த அதன் என்ஜின் சத்தத்தைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அதுவும் கரண்டில்தான் ஓடியது. நீ பார்த்த மாதிரியே நானும் அந்த ஒயரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பிய பிறகு ஒருநாள் அண்ணி அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: “காவேரி, பிரேக்கு மிதிக்கறப்ப என் கால் மேல அவரு கால் இருந்துச்சு. கனமா இருந்துச்சு.” நீ வந்தாயா அண்ணா?

இப்போது கிணற்றுக்கு சோலார் மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். வெயிலில் நன்றாகவே இறைக்கிறது. போன வாரம் கிராமசபைக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, மலை மேலேயே பிரசவம் பார்க்க ஒரு இடமும், மழையிலும் அணையாத கரண்டும் வேண்டும் என்று கேட்டேன். “தீர்மானத்துல எழுதிக்கறோம்மா” என்றார்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். படித்துக் காட்டினார்கள். கை உரிந்த பெரியசாமி மாமாதான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

எண்ணெய் தீர்ந்த உலகத்தை நான் பார்க்கப் போவதில்லை. செல்வியின் மகள் பார்ப்பாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி அவளிடம் பொய்யும் சொல்ல மாட்டேன். ஆனால் இருப்பதைப் பங்கு வைக்கிற இடத்திலெல்லாம் நான் போய் நிற்பேன். மலைக்காரர்களின் பங்கு எங்கே என்று வாய்விட்டுக் கேட்பேன். என் கால் ஓய்வதற்குள் அவளையும் கூடவே நிற்கப் பழக்கிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்குப் பின் பிறந்தவள்,
செல்வியின் மகளுக்குச் சின்னப்பாட்டியாகிவிட்ட
காவேரி