அப்பா குரலில் எட்டாம் வகுப்பு

தச்சநல்லூர்
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை

என் மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் நலம் என்று எழுத அப்பா போன பிறகு கை வரமாட்டேன் என்கிறது. நீ அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று காந்திமதி அம்மையைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். போனில் நான் வாயைத் திறக்கும்முன்னே "சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிடுகிறாய், நீ பார்த்துக்கொண்டது போதும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஆபீஸுக்குப் போயிருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்த சத்தியநேசன் அண்ணன் மறுபடியும் அதையேதான் சொன்னார், "எட்டு பாஸ் பண்ணிருங்க மதினி, அண்ணாச்சி வேலைக்குப் பதிலா உங்களுக்கு ஒண்ணு கேட்டு எழுதிருவோம், ஆறாங்கிளாஸை வச்சு ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். ஆடி கழிந்ததும் பரீட்சை. இது தப்பினால் கூடங்குளத்தில் உன் மாமா வீட்டில் போய் ஒண்ட வேண்டும், மாமா நல்லவன்தான், ஆனால் உன் அத்தை நான் எத்தனை கரண்டி காபித்தூள் போடுகிறேன் என்று எட்டிப் பார்ப்பாள். அதற்கு இந்த வயதில் பின்னக் கணக்குப் போடுவதே மேல்.

நீ பெரிய போன் மாதிரி அந்த டேப்பை வாங்கி அனுப்பி, அங்கிருந்தபடியே அதில் அம்மா பள்ளிக்கூடம் என்று பேர் போட்டு, கலர் கலராகக் கட்டம் கட்டி வைத்தாய், சந்தோஷம்தான். ஆனால் ஒரு கட்டத்தை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்கிறது, இன்னொன்று நான் மனுஷிதானா என்று சந்தேகப்பட்டு சிக்னல் விளக்கு எந்தப் படத்தில் எல்லாம் இருக்கிறது என்று காட்டச் சொல்கிறது, வண்ணார்பேட்டை சிக்னலையே நான் நின்று பார்த்ததில்லை. வீடியோவில் வருகிற டீச்சர் எடுத்த எடுப்பில் "உங்களுக்கே தெரியும்" என்கிறாள், எனக்குத் தெரிந்தால் அவள் முகத்தில் எதற்கு முழிக்கிறேன். படிக்கிறவர்கள் குரூப்பில் சேர்த்துவிட்டாயே, அதில் ஒரு சந்தேகம் கேட்டேன், ஆளாளுக்கு ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார்கள். அப்பாவுக்கு மாசத் திதி கொடுத்த அன்றைக்கு ஐயர் இருக்கும்போதே டேப் மணி அடித்து, இன்று நீங்கள் படிக்கவில்லை என்று என்னைக் கண்டித்தது. உனக்குக் கோபம் வரும், வரட்டும், பாதிக்கட்டத்தை நான் எடுத்துவிட்டேன். இப்போது எனக்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன், கணக்கை எப்படிப் போட வேண்டும் என்று என் வாயால் பேசிப் பதிந்துவைத்து மாவாட்டும்போது கேட்கிறேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மா, "வாத்திச்சியும் நீதான், பிள்ளையும் நீதான், யாரு யாரை அடிப்பியோ" என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும், வகுத்தல் வந்துவிட்டது.

இதுவரை எழுதியது எரிச்சல். இனி எழுதுவது வேறு. போன வாரம் "புதுசா ஒண்ணு வச்சிருக்கேன்மா, அமுக்கிப் பாரு, சந்தோசப்படுவ" என்றாய். ரசம் தாளித்துக்கொண்டே அமுக்கினேன். விசையும் அழுத்தமும் என்று அறிவியல் பாடத்தை அப்பா பேசினார். நான் "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டு கரண்டியோடு முன்னறைக்கு ஓடினேன், சுகிர்தா. அங்கே மாலை போட்ட படம்தான் இருந்தது. இசக்கியம்மா வாசலில் வந்து, "அண்ணாச்சி சத்தம்லா கேக்கு" என்று நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரசம் கருகிப்போயிற்று. அப்பா அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இந்தக் குரலைச் செய்தேன் என்று நீ பிறகு சொன்னாய். முன்னாலேயே ஒரு வார்த்தை சொன்னால் என்ன.

சாயங்காலம் அப்பா எனக்குப் பேப்பர் வாசிப்பார் என்பதை நினைத்துத்தான் செய்திருக்கிறாய், தெரிகிறது. ஆனால் அவர் இப்படியா வாசித்தார்? தங்கம் விலையை வாசிக்கும்போதே நிறுத்தி, "பாத்தியாளா, இவன் அளக்குத அளப்ப" என்று சிரித்து, இருமி, தண்ணீர் கேட்பார். எனக்குப் புரியவில்லை என்றால் "மண்டையில என்ன களிமண்ணா இருக்கு" என்பார், அந்தக் கோபத்திலேயே எனக்குப் புரிந்துவிடும். இது இருமுவதில்லை, ஏசுவதில்லை, எத்தனை தடவை கேட்டாலும் முதலில் இருந்து சிரித்த மாதிரியே சொல்கிறது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, அதுதான் வினை. தினமும் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு பாடம் ஏறவில்லை, கணக்குப் பக்கம் போகவே இல்லை. நேற்று என்னை அறியாமல் "சாப்ட்டியளா" என்று கேட்டுவிட்டேன். "அடுத்த பாடத்துக்குப் போகலாமா?" என்று அது கேட்டது. அப்புறம் அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால், அந்த வழுவழுத்த குரல்தான் முன்னால் வந்து நிற்கிறது. இருந்த ஒன்றும் போய்விடும் போல இருக்கிறது அம்மாடி.

உனக்கும் அப்பா சத்தத்தைக் கேட்க ஆசை இருந்திருக்கும், அதற்கு உன்னை ஏச மாட்டேன். உனக்கு வேண்டுமானால் உன்னிடம் வைத்துக்கொள். என் டேப்பில் இருந்து எடுத்துவிடு. அவர் அனுப்பிய பழைய மெசேஜைத் தொடாதே, பஸ் ஏறிட்டேன், சோத்தை வடிச்சிரு என்பதுதான் அதில் இருக்கிறது, எனக்கு அது போதும். நானே எடுக்கலாம் என்று நாலைந்து தடவை விரலைக் கொண்டுபோனேன், "நீக்கவா" என்று கேட்கிறது, எப்படி ஆமாம் என்று அமுக்குவேன், நீயே சொல்.

வேலை வேலை என்று வெறும் ரொட்டியைத் தின்று கிடக்காதே, ஒரு நேரமாவது சோறு பொங்கு. நீ தீர்க்காயுசாக, மனசுக்குப் பிடித்தபடி வாழ அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். சொன்னதை மட்டும் மறந்துவிடாதே, பரீட்சைக்கு முன்னால் எடுத்துவிடு. என்றைக்கு எடுக்கப் போகிறாய் என்று எனக்குச் சொல்லாதே.

உன் அம்மா
முத்துராணி