எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டி

1990 ஜூலை 15, ஞாயிறு, காலை பதினொன்றரை. கருகிப்போன ஸ்டெபிலைசர்கள்: நான்கு.

நான்காவது என் முன்னால் கிடக்கிறது. மூடியைக் கழற்றியதும் காயில் கம்பியின் வார்னிஷ் தீய்ந்த நாற்றம் குப்பென்று அடித்தது. நீ முதன்முதலில் செய்து எரித்த பெட்டியிலும் இதே நாற்றம்தான். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இன்றைக்கு உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன், மச்சான். நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. திட்டாமல் வேறு என்ன செய்ய?

வெள்ளானூரில் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசி வீடு உன்னுடையது. விளக்கு வைக்கிற நேரத்தில் ட்யூப் லைட் துடித்துக்கொண்டே இருக்கும். டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கிவிடும். பாலிடெக்னிக் முடித்த கையோடு உட்கார்ந்து, குறைந்த வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கிற பெட்டியைச் செய்தாய். படம் திரை முழுக்க விரிந்தபோது தெருவே கைதட்டியது. நானும்தான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆவடியில் கடை போட்டு, சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் அடித்தாய்: ‘எல்லா வீட்டுக்கும் ஒரே பெட்டி.’

“அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் விக்காதடா,” என்றேன். “ஞாயித்துக்கெழம கம்பெனிங்க மூடிட்டா அங்க வோல்டேஜ் எகிறும். உன் பொட்டிக்குத் தூக்கத்தான் தெரியும். எறக்கத் தெரியாது, கட் பண்ணவும் தெரியாது.”

“கரண்டுல இன்னாடா அம்பத்தூர் கரண்டு, வெள்ளானூர் கரண்டு? போ மாமே.” கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாய்: “ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணுனு பிரிச்சிக் குடுக்கறத சின்ன வயசுலேந்து பாத்துகினு கீறேன். நான் எல்லாருக்கும் ஒரே பொட்டிதான் குடுப்பேன்.”

காலனியில் பிறந்த உன் கோபம் சரிதான். ஆனால் எஸ்டேட் லைனுக்கு உன் கோபம் எப்படிடா தெரியும்? மறுநாள் மீட்டரோடு உன்னை இழுத்துப் போயிருப்பேன். அதற்குள் மஞ்சள் காமாலையில் படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. சண்டை பாதியில் நிற்கிறது.

பாடியில் என் கம்பெனியிலும் இதே கூத்துதான். குளிர் ஊரில் செய்த மிஷினை இங்கே இறக்குகிறார்கள். சித்திரை வெயிலில் கன்ட்ரோல் போர்டு நின்றுபோனால் ஆபரேட்டருக்குத் திட்டு விழுகிறது. எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டால் யார் இடத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டாம். அதில் அப்படி ஒரு சௌகரியம். எதையும் தாங்குகிற பெட்டி ஒன்றை நானே செய்துவிடலாம்தான். எடையும் விலையும் இரண்டு மடங்காகும். வெள்ளானூரில் எவன் வாங்குவான்?

இப்போது கடை உன் மனைவி மல்லிகா கையில். அவளே காயில் கம்பி சுற்றுகிறாள், விற்கிறாள். வீடு அதில்தான் ஓடுகிறது. உன் டிசைனில் ஒரு ஒயரை மாற்ற விடமாட்டாள்.

இன்று காலை, டிவியில் தொடர் ஓடுகிற நேரம். எஸ்டேட் பின்தெருவில் ஒரு வீட்டில் தெருப் பிள்ளைகள் எல்லாம் டிவி முன்னால். முதலில் பெட்டியில் புகை, அப்புறம் டிவியில். யாரோ மெயினை அணைத்ததால் பிழைத்தார்கள். வீட்டுக்காரர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து, கடையில் என்னோடு இருந்த மல்லிகா முன்னால் வைத்தார்.

“இன்னாம்மா, டிவிய காப்பாத்தும்னு குட்த்த. டிவியும் பூடுச்சி, பொட்டியும் பூடுச்சி. புள்ளைங்க குந்திகினு இருந்துச்சிங்க, தெரியுமா?”

அவர் போனதும் சொன்னேன்: “எஸ்டேட் பக்கம் வித்ததையெல்லாம் திரும்ப வாங்கிடணும்மா.”

“அவரு செஞ்சது தப்புன்றியாண்ணா?”

“வெள்ளானூர்ல ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?”

“இல்ல.”

“அங்க அது சரி. எஸ்டேட்ல அது நெருப்பு.”

மல்லிகா ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்த அவரே கையால எழுதிக் குட்த்தாரு. பிரஸ்காரன் எழுத்து புடிக்கலனு.” உள்ளே போய்விட்டாள். வெகு நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். “எந்தெந்த வூடுனு எனக்குத் தெரியும். இன்னிக்கே போய் எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு வந்துடலாம். ஸ்டிக்கர மட்டும் நீயே கிழிச்சிடுண்ணா. என்னால ஆவாது.”

அவள் கடையைப் பூட்டுவதற்குள் இதை முடிக்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. எஸ்டேட் பக்கத்துப் பெட்டிகளை எல்லாம் இன்றைக்கே கழற்றுவது.

2. அந்தப் பக்கத்துக்கு, இறக்கவும் கட் பண்ணவும் தெரிந்த வேறு பெட்டி செய்வது.

3. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்த வீட்டுக்கும் பெட்டி கிடையாது. ஊரோ காலனியோ, ஞாயிறு ஒரு தடவை, வேலை நாளில் ஒரு தடவை, நானே போய்ப் பார்ப்பேன். இதில் மட்டும் நீ சொன்னபடி எல்லாருக்கும் ஒன்றுதான்.

4. உன் பெட்டியில் கை வைப்பதில்லை. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ‘வெள்ளானூர் பெட்டி’ என்று என் கையால் எழுதப் போகிறேன். கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கோ.