தம்பியின் டிரம்முக்கு எண்ணெய்

ஜூன் 4

மழை. இரண்டு கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனது. ஒன்றில் மாட்டிக்கொண்ட மனிதர் வெளியே வந்ததும் என்னைப் பிடித்துத் திட்டினார், நான்தான் அவரை உள்ளே தள்ளிப் பூட்டியதுபோல. வழக்கமாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரவில்லை. ரிப்பேர் செய்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் போய் நாலு மாதம். பின்பக்கக் கொட்டகையில் அவன் டிரம் செட் கிடக்கிறது. அவன் நோயில் படுத்ததிலிருந்து யாரும் தொடவில்லை. மூடியிருந்த துணியை எடுத்தால், குரோம் முழுக்க அம்மை போட்ட மாதிரி துரு. அவனைவிட வயதான செட். யாரோ வாசித்துக் கழித்ததை வாங்கிவந்து பெற்ற பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தான்.

மாதக் கடைசியில் அவன் இசைக்குழுவினர் அவன் நினைவாகக் கச்சேரி வைக்கிறார்கள். வாடகை டிரம் போதும் என்றார்களாம். தம்பி பெண்டாட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “அவரோடது மேடையில இல்லேன்னா நான் வரல மாமா.”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். துருதானே.

ஜூன் 6

இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீர்களா என்று மனைவி கேட்டாள். இல்லை. அவனை எடுத்துக்கொண்டு போன அன்றும் தெருவில் நின்று வண்டிகளுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன். யாராவது செய்யத்தானே வேண்டும்? மரத்துப்போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?

ஜூன் 9

டிரம் தோலை இழுத்துப் பிடிக்கும் போல்ட்டுகளைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டேன். வீடே நாறுகிறது. டிரம் விளிம்பிலுள்ள பெரிய வளையங்களுக்கு வினிகர் ஆகாது, ஊறவிட்டால் குரோமை உரித்துவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே துரு கறுப்புச் சேறாக வந்துவிடுகிறது. அடியில் பளபளப்பு அப்படியே இருக்கிறது. இது நல்ல வேலை. எதையும் நினைக்க வேண்டாம்.

ஜூன் 10

புத்தி எங்கே போச்சோ! வினிகரிலிருந்து எடுத்த போல்ட்டுகளைச் சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசாமல் அப்படியே பரப்பிவிட்டேன். காலையில் எல்லாவற்றிலும் புதுத் துரு, ஆரஞ்சு நிறத்தில். மறுபடி முதலிலிருந்து.

ஜூன் 14

முடிந்தது. சோடாத் தண்ணீரில் அலசி, மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்தேன். தலைக்கு வாங்கியதா இரும்புக்கு வாங்கியதா என்று அவள் முணுமுணுத்தாள். பிறகு லிஃப்டுக்குப் போடுகிற எண்ணெயை ஒவ்வொரு போல்ட்டின் மரைக்கும் தாராளமாக விட்டேன். இப்போது விரலால் சுற்றினாலே போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இனி துரு அண்டாது.

குழுவின் கிட்டார்க்காரர் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்றார். பெருமைகூட வரவில்லை.

ஜூன் 20

அவன் பிறந்தநாள். எழுந்ததும் நினைவு வந்தது. பல் தேய்த்தேன்.

ஜூன் 28

எப்படி எழுதுவது — எழுதிவிடுகிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. தம்பி பெண்டாட்டி முதல் வரிசையில், நான் மேடை ஓரத்தில். வேறொரு டிரம்மர் வாசித்தார். இரண்டாவது பாட்டில், நடுவில் இருக்கும் சின்ன டிரம்மின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. கணீரென்று கேட்டது தொப் தொப்பென்று ஈரத்துணி அடிக்கிற மாதிரி ஆனது. ஒரு போல்ட் கழன்று மேடையில் உருண்டது. பாட்டு நின்றது.

டிரம்மர் அதை எடுத்துவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். “யாருங்க இதுக்கு இவ்வளவு எண்ணெய் விட்டது?” என்று கேட்டது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. டிரம்மில் மரை கவ்விப் பிடிக்க வேண்டுமாம். எண்ணெய் அதிகமானால் ஒவ்வொரு அடிக்கும் போல்ட் தானாகத் திரும்பிக் கழன்றுவிடுமாம். லிஃப்ட்காரனுக்கு அது எப்படித் தெரியும்? நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. என் தம்பி கச்சேரிய நானே கெடுத்துட்டேனே.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். தம்பி பெண்டாட்டி. வாயைப் பொத்திக்கொண்டும் அவளால் அடக்க முடியவில்லை. எழுந்து என்னிடம் வந்தாள்.

“அவர் சொல்லிட்டே இருப்பார் மாமா. எங்க அண்ணனை மட்டும் என் டிரம் பக்கம் விட்டுடாதே, தொட்டதுக்கெல்லாம் எண்ணெய் விடுவான்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போங்க. நீங்களே துடைச்சுக் குடுங்க.”

மேடை ஏறினேன். கைக்குட்டையால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கூட்டம் காத்திருந்தது. அவன் என்னைப் பத்திப் பேசியிருக்கான். திட்டியாவது பேசியிருக்கான். அந்தத் திட்டை இனிமே நேர்ல வாங்க முடியாது. அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதேன். போல்ட் எது, கை எதுன்னு தெரியல. டிரம்மர் மீதியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

கச்சேரி நடந்து முடிந்தது. நன்றாக இருந்தது என்றார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 30

காலையில் எழுந்திருக்க முடியவில்லை. மேனேஜருக்கு போன் செய்து லீவு கேட்டேன். என்ன விஷயம் என்றார்.

“தம்பி செத்துட்டான் சார்.”

“அது நடந்து நாலஞ்சு மாசம் ஆச்சேப்பா” என்றார்.

“ஆமா சார்” என்றேன். “ஒரு வாரம் லீவு வேணும்.”