பாதரட்சையைக் கழற்றிய தம்பிக்கு

என் கண்ணான தம்பி தாசு,

அக்கா எழுதுகிறேன். போன வாரம் ஓய்வுநாள் பள்ளியில், எபேசு சபைக்கு அப்போஸ்தலர் எழுதிய நிருபத்திலிருந்து பாடம் நடத்தினேன். விசுவாசி போர்ச்சேவகனைப்போல் எதையெல்லாம் அணிய வேண்டும் என்று வருமே, அதுதான். கமுகம்பாளையில் கேடகமும், தலைக்குக் கவிழ்க்கத் தலைச்சீராவும் செய்தோம், பனைமட்டையில் வெட்டும் பட்டயம். பட்டயத்துக்கு ஒரே அடிபிடி. பாளையில் செய்த பாதரட்சையை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"சண்டைக்குப் போறவனுக்கு செருப்பு என்னத்துக்கும்மா?" என்று என் மகள் மேரி கேட்டாள். பதினான்கு வயதாகிறது அவளுக்கு. நியாயமான கேள்விதான். நம் ஆட்களில் செருப்புப் போட்டவர்கள் எத்தனை பேர்?

எனக்கு உன் பட்டாளத்துப் பூட்ஸ் கண்முன் வந்தது. பஸ்ரா சண்டையிலிருந்து திரும்பியபின் ஒரு ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு என்னோடு ஆலயத்துக்கு வந்தாய். மேரி என் இடுப்பில் இருந்தாள். மேல்சாதிக்காரரின் பெரிய வீட்டு வழியில் நான்கு பேர் கம்போடு மறித்தார்கள். நம் சாதிக்காரன் காலில் தோல் ஏறக்கூடாதாம். நீ குனிந்து, கயிற்றை அவிழ்த்து, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாய்.

ஆலய முற்றத்தில், எல்லார் முன்னாலும், நான் கத்தினேன். குண்டுக்கு நின்றவன் கம்புக்குப் பயந்துவிட்டான், கோழை என்றேன். நீ சத்தம் உயர்த்தவில்லை.

"அவனுவளுக்க கையில கம்பு இருந்துது. ஒனக்க இடுப்புல பிள்ளை இருந்துதுக்கா."

அந்த நியாயம் எனக்கு அப்போதே விளங்கியது. இறங்கி வரத்தான் மனமில்லை. பெரிய ரோஷக்காரி அல்லவா! எட்டு மாதம் உன்னோடு பேசவில்லை. அதற்குள் விஷக்காய்ச்சல் முந்திக்கொண்டு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மேரிக்குப் பதில் சொல்ல நிருபத்தைத் திரும்பப் பார்த்தேன். அத்தனை போர்க்கோலத்திலும் சமாதானத்தோடு சேர்த்துச் சொன்னது பாதரட்சையை மட்டும்தான். போராட்டமும் மனிதரோடு இல்லை, கண்ணுக்குத் தெரியாத பொல்லாங்கோடு என்கிறார். வருஷம் தவறாமல் நான் நடத்தும் பாடம் இது. நானோ கூடப்பிறந்தவனோடு சண்டை பிடித்தேன். எனக்குள் இருந்த அகந்தையோடு ஒரு நாளாவது போராடினேனா?

பிள்ளைகளிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். அந்த இடுப்புப் பிள்ளை தான்தான் என்று மேரிக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்குப் பெரிய வீட்டு வழியாகத்தான் வந்தோம். இப்போது அங்கே யாரும் மறிப்பதில்லை.

"மாமாகிட்ட மாப்பு கேட்டியாம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

உன்னைக் கோழை என்றது முற்றத்தில். மாப்புக் கேட்பதும் அங்கேதான். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து சனம் கலையுமுன் சொல்லிவிடுவேன். அன்று கேட்டவர்களில் பலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் காதில் விழும். உன் காதில் விழுமா, தாசு?

விழாவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம்.

பேசாமலே உன்னை அனுப்பிவிட்ட உன் அக்கா,
ஞானம்